மூத்தவள் பிறக்குமுன் இரண்டு சுற்று

எனக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஹர்த்தாலால் பஸ்ஸும் இல்லை. என் கணவரோ கார் எஞ்சினின் மேல், கீழ்ப் பற்சக்கரங்களை இணைக்கும் பழைய டைமிங் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீழ்ச்சக்கரத்தின் அடையாளம் எஞ்சினிலுள்ள கோட்டோடு பொருந்தினால் மேற்சக்கரம் ஒரு பல் நழுவிவிடும். எரிச்சல் தாங்காமல் நானே ஸ்பானரால் மேற்சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன். பெல்ட் ஏறியது.

“இனிக் காரை எடுங்கோ!”

“பொறும். எஞ்சினைக் கையால ரண்டு சுத்துச் சுத்தி, அடையாளம் திரும்பப் பொருந்துதோ எண்டு பாக்கவேணும்.”

“பிள்ளை பெறப்போறது நானோ, உங்கடை காரோ?”

“பிழைச்சுதெண்டால் எஞ்சின் நடுவழியில நிண்டிடும். உம்மை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?”

ஸ்பானரை அவரிடமே நீட்டினேன். இரண்டு சுற்றும் முடிய, அடையாளங்கள் நேராக நின்றன. மூத்தவள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

இன்றும் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டுதரம் இழுத்துப் பார்ப்பார். திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் அவர் பார்த்து முடிக்கும்வரை படியிறங்குவதில்லை.