வகியெம் பார்க்காத படம்

தெமாங்குங் ஊரில் பேய்ப் படம் பார்த்துச் சிரிக்கிற ஒரே பெண்பிள்ளை வகியெம்தான். கொட்டகை முழுக்க வீலென்று அலறும்போது பத்தாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வரும். கூடவே ஒரு குரலும் வரும்.

"அடப் பாவி, முடிச்ச வலப்பக்கம் போட்டிருக்கான் பாரு! யாருடா உனக்குக் கஃபன் கட்டினது, மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிறவனா?"

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அந்தப் பேட்டையில் செத்த பெண்களையெல்லாம் குளிப்பாட்டி, கஃபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டியவள் அவள். காலையில் சந்தையில் தெம்பே விற்பாள். சோயாவை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வாழையிலையில் அச்சடித்தாற்போல் பொதிவாள். யார் வீட்டிலாவது சாவு என்று ஆள் வந்தால், கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, பஞ்சும் கற்பூரமும் இலந்தை இலையும் வைத்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போச்சோங் பேயைப் பற்றி இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளைத் துணியில் பொதிந்து தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கட்டிய மையத்தை, அதாவது பிணத்தை, குழியில் இறக்கியதும் கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அது எழுந்து, கால் கட்டோடு தத்தித் தத்தி வீடு தேடி வருமாம். வருஷத்துக்கு இருபது படம் இந்தத் தத்தலை நம்பித்தான் ஓடுகிறது. அத்தனையையும் வகியெம் பார்த்திருக்கிறாள், அத்தனையையும் கிழித்திருக்கிறாள்.

"காட்டுக்குள்ள பாழடைஞ்ச பங்களாவாம், அதுல பேயாம். ஆளே இல்லாத எடத்துல பேய்க்கு என்ன பொழப்பு? என்ன கேட்டா, மருமக கூட ஒரே சமையக்கட்டுல இருக்குற வீட்டுலதான் பேய் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலையில் சந்தைப் பெண்கள் இதைக் கேட்கவே அவள் கடை முன்னால் கூடுவார்கள். அன்றைக்குத் தெம்பேயும் சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிர்க் காபிக் கடை யத்மி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, தன் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பிவைப்பாள். வகியெமுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

திங்கட்கிழமை மத்தியானக் காட்சிக்கு அவளோடு போகிறவள் முர்தினி. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், வகியெமைவிட மூன்று வயது மூத்தவள். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒரு வாரம் வகியெமுக்காகப் பேய்ப் படம், மறுவாரம் முர்தினிக்காக அழுகைப் படம். பேய்ப் படத்தில் முர்தினி முக்காட்டால் கண்ணை மூடிக்கொண்டு அவித்த கடலையை உரித்துத் தின்பாள். அழுகைப் படத்தில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, வகியெம் கடலையைத் தீர்த்துவிடுவாள்.

ஒரு படத்தில் புற்றுநோய் வந்த அம்மா, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்மை கலையாமல் கிடந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். வகியெம் கைக்கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆறு நிமிஷம்.

"சாகப் போறவ தண்ணி கேப்பாக்கா. இல்லாட்டி மூத்திரம் வருதும்பா. இம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டு இருக்கத் தெம்பு இருந்தா எந்திரிச்சு வீட்டுக்கே போயிருக்கலாம்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி யெம்."

"இருந்திருந்தா உங்கம்மாவ யாரு குளிப்பாட்டியிருப்பா? போக்கா. மையத்த எடுக்குறதுக்கு முன்னாடியே பீரோ சாவியத் தேடிக்கிட்டே அழுவாளுங்க பாரு, அந்த அழுகதான் நான் நெறைய பாத்தது. அத ஒருத்தனும் படமா எடுக்க மாட்டேங்குறான்."

முர்தினி கோபித்துக்கொண்டு இரண்டு கடலை அதிகமாகத் தின்றாள். அடுத்த திங்கட்கிழமை இருவரும் மறுபடி போனார்கள்.

வகியெமின் வாயைப் பற்றி ஊருக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் குளிப்பாட்டும்போது யார் உடம்பில் எதைப் பார்த்தாள் என்று அந்த வாய் ஒரு நாளும் திறந்ததில்லை. யார் முதுகில் சூட்டுத் தழும்பு இருந்தது, யார் தொடையில் புருஷனின் பெல்ட்டுத் தடம் இருந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளோடு சரி. பார்த்ததை மூடி வைக்கிறவள்தான் குளிப்பாட்டத் தகுந்தவள் என்று சிறு வயதில் ஓதிக் கொடுத்ததை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் முர்தினி அவளிடம் கேட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் முர்தினியின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் பித்தக்கல் என்று சொல்லியாயிற்று. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ரவிக்கையோடுதான் அவள் தூங்குவதுகூட. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மகள் ரிஸ்காவும் வகியெமும்.

"நான் போனா நீதான் என்னக் குளிப்பாட்டணும் யெம். குளிப்பாட்டுறப்ப மூடுற நெஞ்சுத் துணிமேல வேற ஒருத்தி கை படக் கூடாது. முப்பது வருஷம் இந்த ஊர்ப் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ நான். அவளுங்க என்னப் பாத்து உச்சுக்கொட்டக் கூடாது." ரிஸ்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னாள். "கேட்டுக்கிட்டியாடி?"

"கேட்டுக்கிட்டேம்மா," என்றாள் ரிஸ்கா.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு அந்தப் படம் வந்தது. மலைக் கிராமங்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். மாறுகண்ணும் வெற்றிலை வாயுமாக ஒரு கிழவி. மையத்தைக் குளிப்பாட்டுகிறவள். செத்தவள் மேல் பழைய பகை, அதனால் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் அனுப்பிவிடுகிறாள். அப்புறம் என்ன, இரண்டு மணி நேரம் தத்தல்தான்.

வகியெம் எழுந்தே நின்றுவிட்டாள். "டேய், குழிக்குள்ள எறங்குறது ஆம்பளைங்கடா! அவுக்குறதும் அவனுங்கதான்! குளிப்பாட்டுறவளுக்கு அங்க என்னடா வேல?"

"உக்காருங்க இபு, உக்காருங்கம்மா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஒருவன் சோளப்பொரியை வீசினான். முர்தினி அவள் கைலியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மறுநாள் சந்தையில் வகியெம் அந்தப் படத்தைத் தோலுரித்துத் தொங்கவிட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பைக் கேட்டால் அவளுக்கு நாக்கில் கடிவாளம் நிற்காது. அதுதான் அவளுடைய வியாதி.

"படத்துல வர்ற மாதிரி நடக்குமுன்னா இந்த ஊர்ல பாதி வீட்டு வாசல்ல இந்நேரம் தத்திக்கிட்டு நிக்கும். என்ன யத்மி, கடைசி ஆறு மாசம் உன் மாமியாருக்கு நீ போட்ட சோத்துக்கு, நான்தான் ஒரு முடிச்சு கூடுதலாப் போட்டு அனுப்பியிருக்கணும்."

யத்மியும் சிரித்தாள். சிரித்தபடியே கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அவள் மாமியார் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

சாயங்காலத்துக்குள் முன்பாதியை வெட்டிவிட்டு, அவள் முடிச்சு கூடுதலாகப் போட்டதாகக் கேட்கிற துண்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. வெள்ளிக்கிழமை யத்மி வீட்டுப் பின்புற வாழைத் தோப்பில் தொப்புத் தொப்பென்று சத்தம் கேட்டதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பேர் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் மோதினார் பாக் ஸப்ரி நல்ல மனிதர். யத்மியின் புருஷன் தர்ஸோவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். "உங்கம்மா குழிக்குள்ள எறங்குனது நீதானே. கட்ட அவுத்தியா இல்லையா?"

தர்ஸோ பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். "அழுதுக்கிட்டிருந்தேன் பாக். ஞாபகம் இல்ல."

அழுதானாம்! கபுறுஸ்தானிலிருந்து எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்து, மூன்று தம்ளர் காபி குடித்தவன் அவன்தான். ஆனால் ஊருக்கு அது வேண்டியிருக்கவில்லை. படத்தில் யார் குற்றவாளி என்று எல்லோரும் டிக்கெட் வாங்கிப் பார்த்தாயிற்று. குளிப்பாட்டுகிறவள். அதோ, நம் ஊரிலும் ஒருத்தி, அவளே தன் வாயால் சொல்லியும் இருக்கிறாள். அவிழ்க்காதவனை விட்டுவிட்டு, கட்டியவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளிவாசல் பெண்கள் சேர்ந்து புதிய குழு ஒன்று அமைத்தார்கள். யத்மிதான் தலைவி. ஒரு தலையணையைப் பிணமாக வைத்து, ஒரே மத்தியானத்தில் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பாக் ஸப்ரி வகியெமின் வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துப் பேசினார். "கொஞ்ச நாள் போகட்டும் இபு. ஊர் வாய மூட முடியுமா?"

தெம்பே மிஞ்ச ஆரம்பித்தது. பிணத்தைப் பொதிந்த கை என்று திடீரென்று எல்லோருக்கும் அருவருப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் அதே கை பொதிந்ததைப் பொரித்துத் தின்ற வாய்கள்தான் அவை.

முர்தினிக்கு நோய் திரும்பியது அந்த மாதத்தில்தான். திங்கட்கிழமைகளில் வகியெம் தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு, நேராக அவள் கட்டிலுக்கு வந்து கதை சொல்வாள்.

"இன்னைக்கு ஒரு அழுவாச்சிக்கா. புருஷன் ஓடிப்போயிட்டான், பொண்டாட்டி மழையில நின்னு அழுவுறா. ஒரு ரீலு முழுக்க மழைதான். ஒருத்தியாவது, ஏம்மா, கொடிய பாரு, துணி நனையுதுன்னு சொல்ல வேண்டாமா?"

"சிரிக்க வைக்காதடி, வலிக்குது." சிரித்து முடித்ததும் முர்தினி அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். "நீதான் யெம். மறந்துடாத."

"நான் எங்க மறக்குறது. நீ மொதல்ல கஞ்சியக் குடி."

ரிஸ்கா கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பாள். தலையையும் ஆட்டுவாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் முர்தினி செத்துப்போனாள். தண்ணீர்தான் கேட்டாளாம். வகியெம் பையை எடுத்துக்கொண்டு போனபோது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வீட்டுப் பக்கவாட்டில் கைலிகளைக் கட்டி மறைப்பு எழுப்பியிருந்தது. மறைப்புக்கு உள்ளே வாளிச் சத்தம் கேட்டது. ரிஸ்கா வாசலிலேயே வந்து நின்றுகொண்டாள்.

"சின்னம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கூப்பிடல. யத்மியோட குழு அவங்களாவே வந்துட்டாங்க."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் இதே தெருவுலதானே குடியிருக்கணும்? நீங்க தொட்டீங்கன்னா நாளைக்கே எங்கம்மாவும் தத்துறாங்கன்னு சொல்லுவாங்க. எம் புள்ளைங்க இப்பவே பயந்து சாகுதுங்க."

"உங்கம்மா என்ன கேட்டான்னு உனக்குத் தெரியும்."

ரிஸ்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாதான் போயிட்டாங்களே. இனிமே அவங்களுக்கு என்ன தெரியப் போகுது."

வகியெமுக்கு அவளை அறையத்தான் கை வந்தது. அடக்கிக்கொண்டு, காதருகே போய் மெல்லச் சொன்னாள். "சரி, நான் தொடல. நீ உள்ள போ. தண்ணிய நீயே ஊத்து. நெஞ்சுத் துணிய ஒருத்தியும் வெலக்காம பாத்துக்க. உன் கால்ல வேணா விழறேன், போடி."

"எனக்கு மையத்தப் பாக்கவே பயமா இருக்கு சின்னம்மா," என்று சொல்லிவிட்டு, வந்தவர்களை வரவேற்க ரிஸ்கா கூடத்துக்குப் போய்விட்டாள்.

வகியெம் பையை அணைத்தபடி மறைப்புக்கு வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். நெஞ்சுத் துணியை விலக்காதீங்க என்று கத்தினால் போதும். ஆனால் ஏன் என்று அத்தனை நாற்காலிகளும் திரும்பிப் பார்க்கும், கேட்கும். காப்பாற்ற வேண்டியதை அவளே போட்டு உடைத்ததாக ஆகிவிடும். ஊரிலேயே பெரிய வாய்க்காரி வாயை மூடிக்கொண்டு, உள்ளே விழுகிற ஒவ்வொரு குவளைத் தண்ணீரையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அல்லாஹ்! இங்க வாங்களேன், இதப் பாருங்களேன்!" யத்மியின் குரல். அப்புறம் குசுகுசுவென்று பேச்சு. உச்சுக்கொட்டும் சத்தம். யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்ததும் கேட்டது. பிறகு மறுபடி தண்ணீர் விழுந்தது.

அதே நேரத்தில் கூடத்தில் ரிஸ்கா விரித்த பாயில் விழுந்து புரண்டு அழுதுகொண்டிருந்தாள். "என்ன மன்னிச்சிடும்மா, உனக்கு ஒன்னுமே செய்யலியேம்மா, எந்திரிச்சு வந்து என்ன ஒரு வார்த்த திட்டும்மா..." சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். ரொம்ப நேரம் அழுதாள். வகியெம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வகியெம் கடை முன்னால் வெகு நாளைக்குப் பிறகு கூட்டம். முந்தாநாள் வரை ஒதுங்கிப் போனவர்கள்தான். ஆளுக்கு இரண்டு பொதி கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகாமல் நின்றார்கள். மிளகாய்க் கடைக்காரிதான் ஆரம்பித்தாள்.

"டீச்சருக்கு ஒரு பக்கம் சுத்தமா இல்லவே இல்லையாமே இபு? பலாக்காயச் சீவி வச்சாப்புல இருந்துச்சுன்னு யத்மி சொல்றா. கூடவே சுத்துனீங்க, உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவங்க அந்த வயசுலயும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்த நடைய நெனச்சா..."

சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் வகியெமின் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழையபடி அவள் கடை, அவள் கூட்டம், அவள் செவ்வாய்க்கிழமை. எதிர்க் காபிக் கடையிலிருந்து யத்மியின் கைப்பேசி மேலே எழும்பியது.

"என்ன இபு, எல்லாத்துக்கும் ஒரு அபிப்பிராயம் வச்சிருப்பீங்களே. இதுக்கு ஒன்னும் சொல்லலியா?" என்றாள் மிளகாய்க் கடைக்காரி.

வகியெம் கையிலிருந்த தெம்பேயை இலையில் வைத்து மடித்து, நாரால் இறுக்கிக் கட்டினாள்.

"அந்தப் படத்த நான் பாக்கல," என்றாள். "உங்களுக்கு ரெண்டா, மூணா?"