பாயசம் மிஞ்சிய திதி

கொளஞ்சி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். சாம்பாரில் உப்பில்லை என்று இலையை மடிக்கப் போன மாப்பிள்ளையின் தாய்மாமனை, "உப்பு எல ஓரத்துல இருக்குது, கண்ணத் தொறந்து பாரு மாமா" என்று ஒருத்தி உட்கார வைத்தாள். "யாருடி இவ?" என்றேன். "திட்டக்குடி கொளஞ்சி. உன் நாத்தனா மவன் கட்டியிருக்கானே, அவளோட அக்கா" என்றார்கள். எனக்கு மகள் முறை. அன்றிலிருந்து நான் அவளுக்குப் பெரியம்மா.

புருஷன் இறந்து போன பிறகு கொளஞ்சி சிதம்பரத்தில் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள். நடத்துகிறவர் ஜான்சி டீச்சர். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை. பிறந்த நாள், திதி என்று யாராவது வந்து இலை போட்டுவிடுவார்கள். ஃபேன், பெஞ்சு, தண்ணீர் டிரம் வரைக்கும் இன்னார் உபயம் என்று எழுதியிருக்கும். கழிப்பறைக்கு மட்டும் உபயக்காரர் இல்லை. அந்த வருஷ ஐப்பசி வெள்ளத்தில் அதன் தொட்டி இடிந்து, கதவும் போய்விட்டது.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசிலிருந்து இல்லத்தைப் பார்வையிட வந்த அதிகாரி அம்மா அதைப் பார்த்தார். தை முடிவதற்குள் கட்டாவிட்டால் பிள்ளைகளை வேறு வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜான்சி டீச்சர் போய்க் கேட்காத வீடில்லை. "சாப்பாடுன்னா போடறோம் டீச்சர்" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

மார்கழியில் தில்லைநாதன் வந்தார். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருப்பவர். வருஷா வருஷம் அப்பா திதிக்கு அங்கேதான் சாப்பாடு. பிள்ளைகள் வயிறார உண்டு எழுந்த பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். கூடமாட ஒத்தாசைக்குக் கொளஞ்சி என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

போன வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற பிள்ளைகள், அன்று நாலு வாயோடு கையை நிறுத்திவிட்டார்கள். பாயசத்தை ஒருத்தியும் தொடவில்லை. டம்ளர் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடி நின்றது.

தில்லைநாதன் முகம் கறுத்தது. "என்னம்மா இது? எங்கப்பா சோறு எறங்கலியா இதுங்களுக்கு?"

"சாப்பிடுங்க பிள்ளைங்களா, ஐயா பட்டினியா நிக்கிறாரு" என்று ஜான்சி டீச்சர் கெஞ்சினார். காயத்ரி என்ற சின்னப் பிள்ளை பாயசத்தை எடுத்து, கொளஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது. தில்லைநாதனை விட்டால் டீச்சருக்கு வேறு பெரிய கை கிடையாது.

கொளஞ்சி கரண்டியை வைத்தாள். "எறங்கும் மொதலாளி. அப்பறம் எங்க போவுங்க? பொழுது சாயறவரைக்கும் அடக்கணும். இருட்டினப்பறம் ரயிலு ரோட்டோரம் போவணும். அதான் பகல்ல தண்ணிகூட குடிக்கறதில்ல."

"கொளஞ்சி, வாய மூடு!" என்றார் டீச்சர்.

"என் வாய மூடிக்கிறேன். கக்கூசுக்கு மூடக் கதவு இல்லியே."

"அதுக்கு? எங்கப்பா பேரக் கக்கூசு செவுத்துல எழுதச் சொல்றியா?" என்று கத்தினார் தில்லைநாதன்.

"இத்தினி வருசமா சோறு போட்டீங்க. எலையிலயா பேரு எழுதனோம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். கதவு இருந்த இடத்தில் கிழிசல் புடவை தொங்கியது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு ஒரு பருக்கைகூட உண்ணாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"கெடுத்திட்டியே! இனிமே யார்கிட்டப் போய் நிப்பேன்?" என்று டீச்சர் அழுதார். கொளஞ்சி மிஞ்சிய பாயசத்தைக் குண்டானில் ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது.

"பெரிம்மா, அவசரப்பட்டுட்டேனா? புள்ளைங்களப் பிரிச்சிட்டா என்னா பண்ணுவேன்?"

நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

பொங்கல் போயிற்று. அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டீச்சர் பிள்ளைகளின் துணிகளைத் தனித்தனிப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். தை முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலை, செங்கல் லாரி வாசலில் நின்றது. கூட வந்த கொத்தனார் பொன்னுரங்கம் கேட்டார்: "இங்க கொளஞ்சி யாரு? இந்த வருசத் திதி இன்னும் முடியலன்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு."

தை முடிவில் அதிகாரி அம்மா மறுபடி வந்தபோது தொட்டியைக் கட்டி முடித்து, கதவு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பிரிக்கும் பேச்சை அத்தோடு விட்டார்.

மாசியில் தில்லைநாதன் திரும்ப வந்து இலை போட்டார். காயத்ரி பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தது. பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். சுவரில் யார் பெயரும் எழுதவில்லை.

கொளஞ்சி இப்போதும் சிதம்பரத்தில் அதே இல்லத்தில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.