மூக்கு நுனியின் மஞ்சள்

போஹாங் மீன் சந்தையில் முப்பத்தைந்து வருடமாக ஐஸ் உடைக்கும் பாக் தொக்-சு, அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் மூக்கு பட நின்றிருந்தார். உள்ளே பேத்தி. பிறந்து மூன்று நாள். பெயர் இன்னும் முடிவாகவில்லை. வயிற்றில் இருந்தபோது கூப்பிட்ட பயறுக்குட்டி என்ற பெயர்தான் இப்போதைக்கு.

"என்னை மாதிரியே காது," என்றார்.

"மூணாவது தடவை சொல்றீங்கப்பா," என்றான் மகன் ஜே-மோ.

சிரித்தான், ஆனால் கண் கைபேசியிலேயே இருந்தது. நர்சிங் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. சேருகிறேன் என்று இன்று நாலு மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று வருடம் படிப்பு. மனைவி வேலைக்குத் திரும்பிவிடுவாள். பகலில் பயறுக்குட்டியை யார் பார்ப்பது? தொக்-சுவை விட்டால் ஆள் கிடையாது.

அவர் ஒரு வாரமாக மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு ஜே-மோவுக்கு வேதியியல் படிக்க இடம் கிடைத்தபோது சந்தை வாசலில் வாழ்த்துப் பதாகை கட்டியவர்கள் இன்றும் அங்கேதான் மீன் விற்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நாலு வருஷம் அந்தப் படிப்பு படிச்சது, முப்பத்தோரு வயசுல பத்தொன்பது வயசுப் பொண்ணுங்களோட பெஞ்சுல உக்காரவா?"

"அப்பா, எங்க வகுப்புல நாப்பது பேர். அந்தப் படிப்புக்கான வேலைல இருக்கறது ஒன்பது பேர். நான் பெயின்ட் கம்பெனில மாசம் இருபத்து நாலு லட்சம் வோன் வாங்கறேன். அதுவும் வருஷா வருஷம் புது ஒப்பந்தக் கையெழுத்து. பெரிய ஆஸ்பத்திரில புதுசா சேர்ற நர்சுக்கே முப்பத்தெட்டு."

"சம்பளத்துக்காக ஊசி குத்தப் போறியா?"

ஜே-மோ கைபேசியில் மணியைப் பார்த்தான்.

உள்ளே ஒரு நர்ஸ், நாற்பது வயதிருக்கும், வரிசையாகத் தொட்டில் பார்த்து வந்தார். பயறுக்குட்டியிடம் நின்றார். மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சு. பிறகு தொப்புளுக்குக் கீழே. தொட்டிலைக் கதவருகே தள்ளி வந்தார்.

"தாத்தா, பயப்படாதீங்க. மஞ்சள் காமாலை கொஞ்சம் ஏறியிருக்கு. ரத்தத்துல அளவு பதினாறு கிட்ட இருக்கும்."

இதுவரை யாரும் அவரைத் தாத்தா என்று அழைத்ததில்லை. மகிழ்வதா பயப்படுவதா என்று தெரியாமல் எட்டிப் பார்த்தார். குழந்தை அவர் கண்ணுக்குச் சிவப்பாகத்தான் இருந்தது.

நர்ஸ் ஒரு சின்னக் கருவியைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். அது கீச்சென்றது. பதினாறு புள்ளி ஒன்று.

தொக்-சு நர்ஸின் விரலையே பார்த்தார். ஐஸ் கட்டியைத் தட்டிப் பார்த்து உள்விரிசல் சொல்லக்கூடியவர் அவர். அதற்கே பத்து வருடம் பிடித்தது. இவர் உயிருள்ள பிஞ்சைத் தொட்டு எண்ணைச் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நர்ஸ் குழந்தைக்குக் கண் கட்டி நீல விளக்கின் கீழே கிடத்தினார்.

"வெறும் வெளிச்சமா? மருந்து இல்லையா?"

"வெளிச்சந்தாம்பா மருந்து," என்றான் ஜே-மோ. "ரத்தத்துல இருக்கற அந்த மஞ்சப் பொருளோட உருவத்தை அது மாத்திடும். அப்புறம் தானா வெளியே போயிடும். கல்லூரில படிச்சேன். கண்ணால பாக்கறது இன்னிக்குத்தான்."

கைபேசியை மறந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றான். தொக்-சு மகனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பதாகை கட்டிய நாளில்கூட வேதியியல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நர்ஸ் வெளியே வந்ததும் கேட்டார்: "நர்ஸம்மா, இதெல்லாம் எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"முதல்ல கல்லூரில பாறைகளைப் பத்திப் படிச்சேன் தாத்தா. கல்லைப் பாத்து வயசு சொல்லுவேன். சம்பளம் சொல்லத்தான் ஆள் வரல. அப்புறம்தான் இது."

"பையனும் இதுக்குத்தான் வரணும்கறான்."

நர்ஸ் ஜே-மோவை மேலும் கீழும் பார்த்தார். "வேலை கிடைக்கும், காசும் வரும். ஆனா நான் உக்காந்து சோறு தின்னு மூணு நாளாச்சு. என்னோட சேர்ந்த பத்துப் பேர்ல நாலு பேர் ஓடிட்டாங்க. தெரிஞ்சு வா தம்பி."

"தெரியும்," என்றான் ஜே-மோ. "தெரிஞ்சுதான் போறீங்களான்னு என் மனைவியும் கேட்டா."

தொக்-சு நீல வெளிச்சத்தைப் பார்த்தார். அதில் ஒரு குட்டிக் கால் எதையோ உதைத்தது.

"நர்ஸம்மா, பிள்ளையைத் துணியில சுத்தறீங்களே, அது கஷ்டமா?"

"ஏன் தாத்தா?"

"நாளைக்கு நான்தானே சுத்தணும்."

ஜே-மோ நிமிர்ந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. நர்ஸ் மேசைக்கடியிலிருந்து சுற்றிப் பழகுவதற்கான குழந்தைப் பொம்மையையும் ஒரு துணியையும் எடுத்து வைத்தார்.

"முதல்ல கையைக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்."

தொக்-சு ஐஸில் வெடித்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பொம்மையைச் சுற்றினார். ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டது. பிரித்து மறுபடி சுற்றினார். இப்போது கால் வந்தது.

"நீ என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? நாலு மணி ஆகப்போகுது. அந்த வேலையை முடி," என்றார். துணி நுனியைப் பல்லில் கடித்திருந்ததால் பாதிதான் கேட்டது.