வந்துகினே இருக்கேன்

ஏஞ்சல் ஊரை விட்டுக் கிளம்பியது குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சிவப்புப் பையைக் காலருகே வைத்துக்கொண்டு அண்ணன் சாம்சனுக்காகக் காத்திருந்தாள். அவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்து, விமான நிலையம் வரை கூட வருவதாகப் பேச்சு. அவள் போன் அடித்தபோதெல்லாம் ஒரே பதில்.

"வந்துகினே இருக்கேன்டி."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பந்தல்காரர் சொன்னால், மூங்கில் இன்னும் வண்டியில் ஏறவில்லை. சாம்சன் சொன்னால், சட்டையையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். சர்ச்சில் பாஸ்டரும் பெண்ணும் காத்திருக்க, கல்யாண மாப்பிள்ளையாக அவன் அனுப்பிய சேதியும் இதுதான் என்று அண்ணி சாராள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஏஞ்சல் இரண்டு ரயில்களை விட்டாள். மூன்றாவதில் ஏறினாள். மோட்டார் சைக்கிளில் ஆண்டிஸ் மலையைக் கடக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவன் கேலிதான் செய்துகொண்டிருந்தான். மலைதானே வேண்டும், நாகலாபுரத்துக்குப் போ, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றான். வேண்டுமென்றேதான் வரவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். பொன்னேரி தாண்டுவதற்குள் ஆத்திரத்தில் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

பெரு நாட்டுக்குப் போன பிறகு சாராளோடு மட்டும் பேசினாள். ஒரு நாள் சாராள் சொன்னாள்: "அன்னிக்கு ரயில் கேட்டு வரிக்கும் வந்தாராம் உங்க அண்ணன். கேட்டு போட்டுட்டானாம்."

"அவன் எப்ப அண்ணி வந்திருக்கான்?" என்றாள் ஏஞ்சல். இருவரும் சிரித்தார்கள்.

அவள் கணவாயைக் கடந்த நாள் வெயிலோடுதான் விடிந்தது. வாடகைக்கு எடுத்த பழைய பைக்கில் சிவப்புப் பையைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து ஊரிலிருந்து கிளம்பினாள். சோளக் கொல்லைகள் முடிந்து, யூகலிப்டஸ் மரங்கள் முடிந்து, பிறகு பழுப்பான புல் மட்டும். ஏற ஏறக் காற்று மெலிந்தது. எஞ்சின் இருமியது; இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறியது. வளைவுக்கு வளைவு, லாரி கவிழ்ந்து செத்தவர்களுக்காகக் கட்டிய பொம்மை வீடு அளவிலான மாடங்கள். உள்ளே சிலுவை, வெளுத்துப்போன பிளாஸ்டிக் பூ, ஒரு பாட்டில் தண்ணீர். முதலில் ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கை ஓய்ந்தது.

மூடுபனி இறங்கிய பிறகுதான் கண்ணாடியில் அந்த விளக்கைப் பார்த்தாள். ஒற்றை விளக்கு. மஞ்சளாக, கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அவள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. ஒதுங்கி வழிவிட்டால் அது முந்தவில்லை; வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டது போல மறைந்து, அவள் கிளம்பியதும் மறுபடி வந்தது. எஞ்சின் சத்தம் ஒன்று மட்டுமே கேட்டது. அது அவளுடையது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து ஒற்றை வழியாக விட்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சையைத் திருப்பி ஏஞ்சலைப் போகச் சொன்னாள். ஏஞ்சல் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தபோது, பலகை இன்னும் பச்சையாகவே இருந்தது. எதிரே லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான். அந்தப் பெண் அவனைக் கையமர்த்திவிட்டு, பனிக்குள் காட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். ஏஞ்சலுக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் அது புரிந்தது. உன் கூட வருகிறவர் இன்னும் வரவில்லையே.

யாரும் இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பெண் நம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பலகையைத் திருப்பினாள். இறங்கும் வழி முழுக்க ஏஞ்சல் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் பார்த்துக்கொண்டே வந்தது.

கீழே ஊருக்குள் நுழைந்ததும் போனுக்கு உயிர் வந்தது. சாராளின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அத்திப்பட்டு ரோட்டில் சாம்சனின் பைக்கை டிரெய்லர் லாரி பின்னாலிருந்து அடித்துவிட்டது. ஏஞ்சல் மலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே இருட்டிவிட்டிருந்தது. அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

தெருவோரத்தில் உட்கார்ந்து அவன் நம்பரை அன்பிளாக் செய்தாள். எதுவும் வரவில்லை. பிளாக்கில் இருந்த நாட்களில் அனுப்பியது எதுவும் பிறகு வந்து சேராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. வந்த பிறகு கும்மிடிப்பூண்டியிலேயே தங்கிவிட்டாள். ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகளையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினாள். "கண்ணாடி பாக்காத பொண்ணு கும்முடிப்பூண்டிலயே நீ ஒருத்திதாம்மா" என்பான் பஞ்சர் கடைக்காரன் ரகு. அவளும் சிரித்துவைப்பாள். அந்த விளக்கு அண்ணன்தான் என்று நினைக்க ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் பக்கத்து ஸ்டேஷனுக்கே வராதவன் அவ்வளவு தூரம் எப்படி வருவான்? அங்கே வந்து நின்றுவிடும் யோசனை. அதற்கு மேல் போகாது.

அடுத்த வருஷக் குருத்தோலை ஞாயிறும் வந்து போனது. நொறுங்கிக் கிடந்த சாம்சனின் போனில் தங்கள் குழந்தையின் போட்டோக்கள் இருக்குமே என்று, சாராள் அதைப் பொன்னேரியில் ஒரு கடையில் கொடுத்து டிஸ்ப்ளே மாற்றி வாங்கினாள். அன்று மதியம் ஏஞ்சலின் போனில் ஒரு ஆடியோ வந்து விழுந்தது. கீழே சாராளின் வரி: "நீ கெளம்புன அன்னிக்கு உனக்கு அனுப்பிகிறாரு. உனக்கு வந்து சேராம ஒத்த டிக்கோட அப்படியே நிக்குது."

முதலில் கேட் மணி. பிறகு ரயில் தடதடத்துப் போகும் சத்தம். அது தேய்ந்ததும், மூச்சு வாங்க சாம்சனின் குரல்.

"ஏய் ஏஞ்சலு, கேட்ல மாட்டிகினேன்டி. இப்ப போனது உன் வண்டிதான், வாசப்படிகிட்ட உன் செவப்புப் பைய பாத்தேன். நெசமாவே வந்துகினுதான்டி இருந்தேன் இன்னிக்கு. சரி, நீ போ. திரும்பிப் பாக்காத போ. நான் பின்னாடியே வந்துகினே இருக்கேன்."