காதில் நின்ற கொட்டு

குக்கர் அடுப்பில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். கொல்லையிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் ஓடி வந்தாள்.

"விசிலு தெருவுக்கே கேக்குது, பக்கத்துல உக்காந்திருக்க மனுசனுக்குக் கேக்கலையாக்கும்?"

பஸ் ஆரன் கேட்கிறது, தோட்டத்து மோட்டார் கேட்கிறது. விசில் மட்டும் கேட்கவில்லை.

காதுக்குள் இரைச்சல் அதற்கு முன்பே இருந்தது. நான் அதை நோய் என்று நினைக்கவில்லை. உத்தமபாளையம் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரிக்கு முன்னால் போகிற டிராக்டரை வருடா வருடம் நான்தான் ஓட்டுவேன். என் அப்பா காலத்தில் புளியமரத்தில் கட்டிய ஒற்றைக் குழாய் ஒலிபெருக்கிதான். அதுவும் பாதியில் கரகரக்கும். பிறகு டிரெய்லரில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன, என் முதுகுக்குப் பின்னால். திருவிழா முடிந்தும் சில நாள் காதுக்குள் இரையும். "கொட்டு காதுல நிக்கிதுன்னா ஆத்தா வீட்டுக்கு வந்துட்டா" என்பார்கள் எங்கள் தெருவில். போன திருவிழாவில் வந்தது நிற்கவே இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பருப்பு கருகிய பிறகு மகள் தேனிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ஆடியோகிராம் (எவ்வளவு சின்னச் சத்தம்வரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தார். காகிதத்தில் கோடு கம்பம்மெட்டு மலைச்சாலை இறக்கம் மாதிரி விழுந்திருந்தது.

"காதுக்குள்ள மயிரிழை மாதிரி செல்லு இருக்குய்யா. பெரிய சத்தத்துல சாயும். திரும்பத் திரும்ப அடிச்சா செத்துரும். மறுபடி முளைக்காது."

"அந்த இரைச்சலும்மா?"

"டின்னிடஸ் (வெளியே சத்தமில்லாமல் உள்ளே கேட்பது). காது அடிபட்டதுக்கு அடையாளம். இனிமே பொட்டிப் பக்கம் போனா மிச்சமும் போயிரும். கையெட்டுற தூரத்துல இருக்கவருகிட்டக் கத்திப் பேசணும்னா, அந்த எடத்துல நிக்காதீங்க."

இரைச்சலோடு இதைப் படிக்கிறவர்களுக்கு அதையே சொல்கிறேன். ஆத்தா என்று நான் கும்பிட்டது என் காது அலறியதை.

அந்தப் பெட்டிகள் பேச்சியின் தம்பி, என் மச்சினனுடையவை. என் கல்யாணத்தில் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்ற பயல். அவன் மைக்செட் கடைக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலைப்பாத் துண்டை அவிழ்த்தான். இரண்டு காதிலும் சத்தத்தைத் தடுக்கிற பஞ்சுத் தக்கை.

"எத்தன வருசமாடா?"

"ரொம்ப நாளாச்சு மாமா."

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"ஆத்தா வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீக. அதப் போயி காது கெடுக்குற சத்தம்னு சொன்னா என்னைய விட்டுவைப்பாகளா? அப்பறம் மைக்செட்ட எவன் எடுப்பான்?"

அவன் தந்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது காதில் மிஷின். விசில் கேட்கிறது, தட்டு விழுந்தால் கத்தியாக இறங்குகிறது. இரைச்சல் அப்படியே இருக்கிறது. வீடு அமைதியானால் கூடுகிறது என்று பேச்சி பகலிலும் ஃபேனைப் போட்டுவிடுகிறாள்.

இந்த வருடம் டிராக்டர் ஓட்ட வேறொருவன் வந்தான். முந்தின நாளே எச்சரித்தேன். "பெருசுக்குப் பொறாம. ஆத்தா எங்கிட்டயும் வரட்டுமே" என்று சிரித்தான். மச்சினன் எனக்கும் பஞ்சுத் தக்கை அனுப்பியிருந்தான். தொடவில்லை.

ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மிஷினைக் கழற்றினேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் அம்மன் வந்தாள். எல்லார் கையும் குவிந்திருந்தது. என் கைகள் காதைப் பொத்தியிருந்தன.

அவள் எப்போது கடந்து போனாள் என்று தெரியாது. உள்ளே கொட்டு ஓயாதவனுக்குத் திருவிழா முடிவது எப்படித் தெரியும்? பேச்சிதான் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு கையாக இறக்கிவிட்டாள்.