குற்றாலலிங்கத்தின் வெண்ணெயில்லா உருளைக்கிழங்கு

குற்றாலலிங்கம் ஆரியசாலைக் கடைத்தெருவில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்தவர். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. இளம் வயதில் மாமாவின் கடைக்கு மூட்டை எண்ண வந்து, மாமாவுக்குப் பின் அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுச்சுவர். காசிக்குப் போன கூட்டத்திலும் நான் இருந்தேன். அவருடைய உருளைக்கிழங்கு விவகாரத்தைத் தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வருவதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது. மேட்டுப்பாளையம் கிழங்கையும் ஆக்ரா கிழங்கையும் கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவியே பிரித்துச் சொல்வார்; இலையில் வைத்தால் ஒதுக்கிவிடுவார். அவர் உயிர் வாழ்ந்தது பாலில். காலையில் பால், பதினொரு மணிக்கு மோர், மதியம் தயிர், எல்லாவற்றின் மேலும் நெய். வெண்ணெயை வெறும் வாயில் தின்பார்.

1997 டிசம்பரில் ஆரியசாலை வியாபாரிகள் சிலர் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறிக் காசிக்குப் போனோம். காசிக்குப் போனால் பிடித்ததில் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். பெரும்பாலானோர் பிடிக்காத ஒன்றைத்தான் விடுவார்கள் என்பதும் வழக்கம்தான். கங்கைக் கரையில் வரிசையாக நின்று ஒவ்வொருவராகச் சொன்னபோது, வெல்லமண்டி ஆறுமுகநயினார் சுரைக்காயை விட்டார். பக்கத்தில் நின்ற குற்றாலலிங்கம் சிரித்துவிட்டார். சுரைக்காயை விடுவதற்கு இத்தனை தூரம் வர வேண்டுமா, நம் சாலைக் கம்போளச் சந்தையிலேயே விட்டிருக்கலாமே என்று கேட்டார். ஆறுமுகநயினாருக்கு முகம் கறுத்தது.

“அப்ப நீரு பால விடும் ஓய், பாப்போம்” என்றார்.

குற்றாலலிங்கம் ஈர வேட்டியோடு நின்று, பாலையும் பாலிலிருந்து வரும் எல்லாவற்றையும் விட்டதாக உரக்கச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது இடார்சி ஸ்டேஷனில் எல்லோரும் டீ குடித்தார்கள். அவர் ஜன்னல் வழியே எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல்லை அவர் காத்தார். காக்காமல் முடியாது. ஆரியசாலையில் லோடு வாங்குவதும் விற்பதும் வாய்ச்சொல்லில்தான். மேட்டுப்பாளையத்துக்காரன் போனில் ஒரு வார்த்தை கேட்டு லாரியை அனுப்பிவிடுவான். இந்த வியாபாரியின் வார்த்தை நிற்காது என்று பேச்சு வந்துவிட்டால் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டலாம். கங்கையில் சொன்னதையே விழுங்கியவன் என்று பெயர் வந்தால் ஆழ்வார்குறிச்சிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஆறுமுகநயினாரின் மண்டி நேர் எதிரே. அங்கே உட்கார்ந்து அவர் குற்றாலலிங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் 1999 ஜூன் மாதம் குற்றாலலிங்கத்தின் பற்களில் மிச்சமிருந்தவை ஆடத் தொடங்கின. பல் டாக்டர் சுமி என்ற பெண் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறியதும் பல் செட்டு கட்டலாம் என்றார். அதுவரை என்ன சாப்பிடுவது என்று கேட்டதற்கு, உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பாலும் வெண்ணெயும் விட்டுக் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். பால் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல் என்று இவர் விவரம் சொன்னார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் நன்றாக மசியுங்கள் என்றார்.

கஞ்சி குடிக்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கஞ்சி நோயாளிக்கு, தான் நோயாளி இல்லை, பல் இல்லாதவன் மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியாக, விற்ற சரக்கையே தின்ன வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது.

அவர் மனைவி நீலாம்பாள் முதல் நாள் கிழங்கை வேகவைத்துப் பருப்பு மத்தால் கடைந்தார். உள்ளே கட்டிகள் இருந்தன. ஒவ்வொரு கட்டியும் ஈறில் போய் உட்கார, குற்றாலலிங்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். மறுநாள் கட்டியே இருக்கக் கூடாது என்று நீலாம்பாள் மிக்சியில் போட்டு அடித்தார். கிழங்கு பசையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூடவே வந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் குற்றாலலிங்கம் கடைக்குக் கொண்டுபோய், சாக்குகளில் விலாசச் சீட்டு ஒட்டப் பயன்படுத்தினார். நன்றாக ஒட்டியது. பிறகு தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். தேங்காய்ப்பாலைப் பற்றி யாருக்கும், ஆறுமுகநயினாருக்கும்கூட, ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் கிழங்கு இனித்தது. பாயசத்தில் உப்பும் மிளகும் போட்டதுபோல இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

நீலாம்பாள் விடுகிறவர் இல்லை. இடியாப்பம் பிழிகிற பித்தளைச் சேவநாழியை எடுத்தார். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கை பொறுக்காத சூட்டிலேயே தோலை உரித்து, நாழியில் அடைத்துப் பிழிந்தார். நூல் நூலாக விழுந்தது. ஊறவைத்த முந்திரிப்பருப்பை மை போல அரைத்து, கிழங்கு வெந்த தண்ணீரைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கலக்கினார். கடைசியில் செக்குத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி, உப்பு, வெள்ளை மிளகுத்தூள். கிண்ணத்தைச் சாய்த்தால் மெதுவாக மடிந்து இறங்கியது.

குற்றாலலிங்கம் ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இந்த இடம் முக்கியம், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“உண்மையச் சொல்லு. வெண்ண போட்டியா?”

“வீட்டுல வெண்ண வந்து ஒன்னர வருஷம் ஆச்சு. பூனையே நம்ம வீட்ட விட்டுட்டுப் போயிட்டு” என்றார் நீலாம்பாள்.

அவர் சமாதானமானார். கிண்ணத்தை வழித்துவிட்டு, உருளைக்கிழங்கைப் பற்றித் தாம் இத்தனை காலம் தவறாக நினைத்திருந்ததாகச் சொன்னார். மறுநாள் தூக்குப் பாத்திரத்தில் கடைக்கே கொண்டுபோனார். தவறு அங்கே நடந்தது. உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் கல்லாவில் வைத்துத் திறந்தார்.

ஆறுமுகநயினார் தெருவைக் கடந்து வந்தார். பாத்திரத்தைப் பார்த்தார். கேட்காமலே விரலால் ஒரு தொடு தொட்டு நாக்கில் வைத்தார். திரும்பிப் போய்த் தம் மண்டியில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் குற்றாலலிங்கம் வெண்ணெய் தின்கிறார் என்பது தெருமுனை வரை போய்விட்டது. இரண்டு நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. லோடைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில், உடம்புக்கு முடியாவிட்டால் பால் குடிப்பதில் தப்பில்லை என்று அந்த ஆள் ஆறுதல் சொன்னான். இல்லை என்று இவர் சொல்ல, சரி சரி என்றான். அந்தச் ‘சரி சரி’யைக் குற்றாலலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

விசாரணை வேண்டும் என்று அவரே கேட்டார். நடுவராக சத்தியதாஸை வைத்தார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர், பாறசாலைப் பக்கத்து சர்ச் குடும்பம், மலையாளம் கலந்து பேசுவார். காசியில் எதையும் விடாதவர் என்பதால் சார்பு இருக்காது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் போட்ட நிபந்தனைகள்: சமையல் குற்றாலலிங்கம் வீட்டு அடுப்பில் நடக்கலாம், ஆனால் அந்த வீட்டுப் பொருள் ஒன்றும் சேரக் கூடாது. பாத்திரம், கிழங்கு, எண்ணெய், முந்திரி, சேவநாழி எல்லாம் ஆறுமுகநயினார் வீட்டிலிருந்து வரும். நீலாம்பாள் அடுக்களைக்குள் வரக் கூடாது, வாசலில் நின்று சொல்லலாம். பிழிவதும் கலக்குவதும் ஆறுமுகநயினாரே.

ஆறுமுகநயினார் அதுவரை அடுக்களையில் தண்ணீர்கூட மொண்டு குடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பூணூல் கல்யாணத்துக்கு வந்தவர்போல அடுப்பின் முன் உட்கார்ந்தார். ஜன்னலில் நாங்கள் சிலர் நின்றோம்.

“அண்ணாச்சி, தண்ணியக் கொட்டிராதீங்க, அதுதான் வேணும்” என்றார் நீலாம்பாள்.

“மைனி, சூடு கொல்லுது.”

“சூட்டோடதான் உரிக்கணும். ஆறினா பசையாயிரும்.”

அவர் உரித்தார். ஊதினார். கையைக் காதுமடலில் வைத்துக்கொண்டார். நாழியைத் திருகும்போது நெற்றி நரம்பு புடைத்தது. முதல் நூல் விழுந்ததும் முகம் மாறியது. அதற்குப் பிறகு யாரும் அவரோடு பேச முடியவில்லை. முந்திரி விழுதைச் சேர்க்கும்போது குற்றாலலிங்கம் எட்டிப் பார்க்க, வெளிச்சத்தை மறைக்காதீர் என்று அதட்டினார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரே பக்கமாகக் கலக்கச் சொன்னதை மூன்று முறை அவரே எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். மடிந்து இறங்குகிறதா என்று கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டியபோது, எந்தக் கட்சியில் தாம் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சத்தியதாஸ் முதலில் ருசி பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நேரம் எடுத்தார்.

“இதில வெண்ண உண்டு” என்றார்.

ஆறுமுகநயினார் எழுந்துவிட்டார். “வேய், நான் உண்டாக்கினது. என் வீட்டுச் சாமானம். எங்கேர்ந்து வந்தது வெண்ண?”

“அண்ணாச்சி உண்டாக்கினாலும் வெண்ண வெண்ண தன்னே. எனக்கு நாக்கு உண்டல்லோ.”

“அப்ப நான் கள்ளம் சொல்லுதேனா?”

சத்தியதாஸ் இன்னொரு கரண்டி எடுத்தார். ஜன்னலில் நின்றவர்கள் ஆறுமுகநயினாரை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். தம்மை நம்புகிற முகம் ஒன்றும் அங்கே இல்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“லிங்கம், நீரு சொல்லும். நான் வெண்ண போட்டேனா?”

குற்றாலலிங்கம் அவசரப்படவில்லை. பல் இல்லாத வாயை ஒருமுறை மூடித் திறந்தார்.

“அண்ணாச்சி போடல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“கேட்டீரா” என்றார் ஆறுமுகநயினார். “லிங்கம் சொன்னா சொன்னதுதான். காசியில விட்டத இதுவரைக்கும் தொடாத ஆளு.”

அவர் என்ன சொன்னார் என்பதை அவரைத் தவிர எல்லோரும் கவனித்தார்கள். சத்தியதாஸும் கவனித்தார், ஆனால் அவருக்கு அது வேறு விதமாகப் பட்டது. இரண்டு பார்ட்டிகளும் ஒன்றாகிவிட்டார்கள், இனி இந்த சாட்சியை எடுக்க முடியாது என்றார். உடனே ஆறுமுகநயினார் அவர் கையைப் பிடித்து அடுப்பின் முன் உட்கார வைத்தார். குற்றாலலிங்கம் மறு கையைப் பிடித்தார். மிச்சமிருந்த கிழங்கு மறுபடி வெந்தது.

சத்தியதாஸ் பிழிந்தது கட்டி கட்டியாக வந்தது. சூட்டுக்குப் பயந்து ஆறவிட்டுவிட்டார். வாயில் வைத்துப் பார்த்து, இதில் வெண்ணெய் இல்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். இதைத் தீர்ப்பாக எடுக்க முடியாது என்று ஆறுமுகநயினார் சண்டை போட்டார். நாழியை எப்படிப் பிடிக்க வேண்டும், கிழங்கை எந்தச் சூட்டில் உரிக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து, சுட்டுச் சிவந்த தம் விரல்களை ஆதாரமாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தடவை சத்தியதாஸின் கிண்ணமும் மடிந்து இறங்கியது. அதை அவரே தின்றார். ஜன்னலில் நின்றவர்களுக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. வெண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

சத்தியதாஸ் கையைக் கழுவினார். தெருவாசலுக்கு வந்து, நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“வெண்ண இல்ல. எனக்கு விசுவாசம் வரல, ஆனா இல்ல. லிங்கம் அண்ணாச்சி வாக்கு சரியாணு.”

குற்றாலலிங்கம் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். சாட்சியம் முழுவதையும் தின்று தீர்த்திருந்தார்கள். காலையிலிருந்து அவர் வாயில் ஒன்றும் போகவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஆறுமுகநயினார், தாமே பிழிந்து தருவதாகவும் வேறு யாரும் நாழியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். கிழங்கு தீர்ந்துவிட்டது என்றார் நீலாம்பாள்.

குற்றாலலிங்கம் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.