மன்னார்குடிக்குப் பக்கத்தில் வெயிலுக்கு ஒரு பந்தல்

ஜூன் மாதம் டெல்டாவுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்காது, வயலில் பச்சை இருக்காது, வெயில் மட்டும் வஞ்சனையில்லாமல் இருக்கும். நான் போனதே அந்த வெயிலுக்காகத்தான். சரியாகச் சொன்னால் எனக்காக இல்லை, என் தோழி தமிழரசிக்காக.

தமிழரசியும் நானும் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது விடுதியில் ஒரே அறை. நான் அத்தோடு அந்தப் பாடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு மதுரையில் காப்பீட்டு வேலைக்கு வந்துவிட்டேன். அவள் விடாப்பிடியாகப் படித்து, இன்று தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. துறை, ஒளிவினையூக்கம். பயந்துவிடாதீர்கள், விஷயம் சுலபம்தான். ஒரு வெள்ளைப் பொடி. தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கான துகள்களை அடுக்கிவிடலாம், அவ்வளவு நுண்ணியது. அதன்மேல் வெயில் பட்டால், ஒட்டியிருக்கும் சாயத்தைச் சிதைத்து நிறமில்லாமல் ஆக்கிவிடும். பொடி அப்படியே இருக்கும், மறுபடியும் வேலை செய்யும். இதைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறாள். கொரியாவிலும் போர்ச்சுகலிலும் இருப்பவர்கள் அவற்றை மேற்கோள் காட்டுகிறார்கள். கருத்தரங்கு மேடைகளில் அவளுக்கு நடு நாற்காலி.

ஆனால் எல்லாம் கண்ணாடிக் குடுவைக்குள்ளே நடந்தவை. காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு விளக்கு, எப்போதும் அதே நீலச் சாயம். "நூறு தடவை அந்த நீலத்தை வெளுத்துட்டே, ஒரு தடவையாவது ஊர்த் தண்ணியை வெளுத்தியாடி?" என்று நான் கிண்டல் செய்வேன், அவளும் சிரிப்பாள். போன வருடம் ஒரு பத்திரிகைக்கு அவள் அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், முகம் தெரியாத யாரோ ஒருவர், இதே கேள்வியைக் கேட்டுவிட்டார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போனில் அழுதாள்.

அதே சமயம் ஊரிலும் ஒரு சிக்கல். மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய சொந்த ஊர். அங்கே அவள் பெரியப்பா மகன் முருகையன் நூலுக்குச் சாயமேற்றும் பட்டறை வைத்திருக்கிறார். கும்பகோணம் பக்கத்துத் தறிகளுக்கு நூல் போகிறது, ஆறு குடும்பங்களுக்கு அதில்தான் அடுப்பு எரிகிறது. கழிவுத் தண்ணீரை ஒரு குழியில் தேக்கி வைத்திருந்தார். குழி நிரம்பி, கோடை மழையில் வழிந்து, ராணிக் கலர் தண்ணீர் பாசன வாய்க்காலில் ஓடிவிட்டது. விவசாயிகள் கூடிப் பேசி முடிவைச் சொல்லிவிட்டார்கள்: மேட்டூர்த் தண்ணீர் இந்த வாய்க்காலுக்கு வருவதற்குள் வழி பண்ணு, இல்லையென்றால் பட்டறையைப் பூட்டு. தமிழரசி, "நான் பண்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஊர் முன்னால் செய்துகாட்ட நாள் குறித்தாகிவிட்டது. "நீ வாடி, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை" என்று என்னையும் கூப்பிட்டாள்.

இனி பயணம். வெள்ளிக்கிழமை மதியம் மதுரையில் பஸ் ஏறினேன். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. உள்ளே வர டவுன் பஸ் உண்டு, ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். இரவு தமிழரசி வீட்டில் தங்கல். நீங்கள் போனால் காலை ஆறரைக்கே பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்தால் தானாகவே நடனம் வரும். நான் ஆடிவிட்டுத்தான் சொல்கிறேன், போன தடவை.

தமிழரசி கல்லூரிக்குப் போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு நேரே ஊருக்கு வருவதாகச் சொல்லிக் காலையிலேயே காரில் போய்விட்டாள். நான் கோயிலைப் பார்த்துவிட்டு, டிபனை முடிக்காமல் (பொங்கல் காத்திருக்கிறது என்று தகவல்) மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்தேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் சுற்றிச் சுற்றி அந்தப் பக்கம்தான் வருகிறது. வடுவூர் ஏரியில் பறவை பார்க்க வேண்டுமென்றால் மழை முடிந்து வாருங்கள், இப்போது ஏரிக்குள் ஆடுகள் மேய்கின்றன. வழியெல்லாம் தூர்வாரிய வாய்க்கால்கள், கரையில் குவித்த புது மண். பம்புசெட் வைத்திருப்பவர்கள் மட்டும் நாற்றங்கால் விட்டிருந்தார்கள். காய்ந்த நிலத்துக்கு நடுவில் அந்தச் சின்னச் சின்னப் பச்சைச் சதுரங்களைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

மன்னார்குடியில் இறங்கி ஆட்டோ. ஊர் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"சாயம் வெளுக்குற விசேஷத்துக்கா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க. காலையிலேர்ந்து ரெண்டு சவாரி. நெய்யெல்லாம் ஊத்திப் பொங்கலு, அமர்க்களமா நடக்குதாம்ல?"

ஆராய்ச்சிக்குச் சவாரியா? முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டவர், ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானும் உள்ளே வந்தார்.

பட்டறைக்குப் பக்கத்துத் திடலில் இரண்டு வாழை மரங்கள் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. நடுவில் புத்தம் புதுக் கீற்றுப் பந்தல். அடர்த்தியாக வேய்ந்த பந்தல், ஒரு பொட்டு வெயில் உள்ளே விழவில்லை. அந்தக் குளுகுளு நிழலில், சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு, இரண்டு சிமெண்ட் தொட்டிகள். வெயிலில் வேலை செய்யவேண்டிய தொட்டிகள்!

அப்போதுதான் வந்து இறங்கியிருந்த தமிழரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பந்தலை அண்ணாந்து பார்த்து நின்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பந்தல் போட்டது முருகையன் மனைவி கலா. "எங்க நாத்தனார் இத்தனை வருசம் கழிச்சு ஊருக்கு ஒரு நல்ல காரியம் பண்ண வருது. வெட்டவெளியில விட்டா ஊரு என்ன சொல்லும்? ராத்திரி எட்டு மணிக்கே ஆளு வெச்சுப் போட்டுட்டேன்" என்றார், பெருமையாக.

"அண்ணி, இது வெயில் பட்டாத்தான் அண்ணி வேலை செய்யும்."

கலா வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியானால் பிரித்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. லேசாகச் சொல்லியும் பார்த்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அரை அடி குள்ளமாகிவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போட்ட பந்தலைக் காரியம் முடிவதற்கு முன்னால் பிரிப்பதா? தொட்டிகளை நகர்த்தவும் முடியாது. உள்ளே ஓடு பதித்து, தண்ணீர் விட்டாகிவிட்டது. மணி ஒன்பதரை. வெயில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசை நாற்காலியில் கோவிந்தராசு உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் கடைமடையில் பத்து ஏக்கர் குத்தகைக்கும் சொந்தத்துக்குமாக வைத்திருப்பவர், பட்டறையைப் பூட்டச் சொன்னதில் முதல் ஆள். தமிழரசியின் அம்மா அவர் வயலில் நாற்று நட்டவர், அப்பா வரப்பு அண்டை வெட்டியவர். அப்பா 'ஐயா' என்று கூப்பிட்ட மனிதரை மகள் 'சார்' என்று கூப்பிட்டாள். அவரும் "சொல்லும்மா" என்று பதில் சொன்னார். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அவர் சந்தேகத்தைப் பட்டென்று கேட்டார். "வெயில்ல காயப்போட்டா சட்டையே வெளுக்குது. சாயத்தண்ணி வெளுக்காதா? இதுல உன் பொடிக்கு என்ன வேலை?"

தமிழரசி என்னைப் பார்த்தாள். அந்த முகம் தெரியாத மதிப்பீட்டாளர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. "அதுக்குத்தான் சார் ரெண்டு தொட்டி. ஒண்ணுல ஓட்டு மேல என் பொடியைப் பூசியிருக்கேன், இன்னொண்ணுல வெறும் ஓடு. ரெண்டுலயும் ஒரே குழித் தண்ணி, ஒரே அளவு. ரெண்டையும் ஒரே மாதிரி மீன்தொட்டி மோட்டார்தான் சுத்திவிடுது. பந்தல் மட்டும் இல்லைன்னா..."

அப்போதுதான் கலாவுக்குப் பளிச்சென்று பட்டது. "காரியம் முடிஞ்சாப் பிரிக்கலாம்தானே? அப்ப முதல்ல காரியத்தை முடிச்சுடுவோம்!"

யோசித்துப் பாருங்கள், அறிவியல் வரலாற்றில் எங்கேயாவது சோதனை தொடங்குவதற்கு முன்னால் அதன் வெற்றி விழா நடந்திருக்கிறதா? இங்கே நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தமிழரசிக்குச் சால்வை போர்த்தினார்கள், அவள் கூச்சத்தில் நெளிந்தாள். வெண்பொங்கல், மெதுவடை, கேசரி. நான் பொங்கல் இரண்டு தடவை வாங்கினேன். ஆட்டோக்காரர் மூன்று தடவை. இலையெடுத்ததும், "காரியம் நல்லபடியா முடிஞ்சுது" என்று முருகையன் மூன்று பேர் காதில் விழும்படிச் சொன்னார். உடனே நாலு பேர் மேலே ஏறி மடமடவென்று கீற்றை இறக்கினார்கள். பந்தல்கால்கள் மட்டும் நின்றன. பத்தே முக்காலுக்கு இரண்டு தொட்டிகள் மீதும் வெயில் விழுந்தது.

அதன் பிறகு யாருமே போகவில்லை. புங்கமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு இரண்டும் ஒரே ராணிக் கலர். தமிழரசி இளநீரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "குடுவைல விரலளவு தண்ணிடி. இங்க மண்ணு, உப்பு, சோப்பு எல்லாம் கிடக்கு. இது வேலை செய்யலைன்னா ஆறு வீட்டு அடுப்பு அணைஞ்சிடும்" என்றாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

முதலில் கவனித்தது கலாதான். "ஏங்க, பொட்டு எங்க?" இரண்டு தொட்டிக்கும் அவர் உள்பக்கம், தண்ணீருக்கு மேலே தெரிந்த ஓட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காவிட்டால் மனசு கேட்காதாம். பூச்சில்லாத தொட்டியில் குங்குமம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். பூச்சுத் தொட்டியில் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. இரண்டு மணி வாக்கில் தண்ணீரிலும் வித்தியாசம் தெரிந்தது. மூன்றரைக்கு, பூச்சில்லாத தொட்டி அதே ராணிக் கலரில் சற்று வெளிறிக் கிடந்தது. மற்றது ரோஸ்மில்க் குடித்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி.

முருகையன் விசிலடித்தார். கோவிந்தராசு எழுந்து வந்து, எவர்சில்வர் டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு, வாய்க்குக் கொண்டுபோனார்.

"சார், குடிக்காதீங்க!" தமிழரசி ஓடிப்போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "நிறம்தான் போயிருக்கு. வேற என்னென்ன மிச்சம் இருக்குன்னு சோதிச்சுப் பார்க்கணும். உப்பு நிச்சயமா இருக்கு, என் பொடி உப்பை ஒண்ணும் பண்ணாது. இதை வாய்க்கால்ல விடக் கூடாது."

"என்ன தமிழு, இப்படிப் போட்டு உடைச்சுட்டியே" என்று முருகையன் தலையில் கை வைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சாயம் ஏத்த நீங்க எப்படியும் உப்பு போடுறீங்கல்ல? இந்தத் தண்ணியையே திருப்பி அதுக்கு எடுத்துக்குங்க. உப்புச் செலவு குறையும். வெளிய ஒரு சொட்டுகூட விட வேண்டாம். மாசா மாசம் நானே வந்து சோதிக்கிறேன். பூச்சு தேய்ஞ்சா மறுபடி பூசித் தர்றேன்."

கோவிந்தராசு டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றினார். "நீ நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு முருகையனிடம், "ரெண்டு தொட்டி எந்த மூலைக்குக் காணும்? எட்டுக் கட்டு. தண்ணி வர்றதுக்குள்ள கட்டி முடி. பட்டறை ஓடட்டும்." நாலடி போனவர் திரும்பி நின்றார். "கலா, உன்னைத்தாம்மா. இனிமே பந்தல் போட்டுத் தொலைக்காதே."

தமிழரசி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சின்னத் திருத்தத்தோட ஏத்துக்கிட்டாங்கடி" என்று, பத்திரிகைக்காரர்கள் கட்டுரையை ஏற்கும் பாஷையிலேயே சொல்லி என் தோளில் சாய்ந்தாள்.

போகிறவர்களுக்கு: ஜூனில் போனால் தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில் கட்டாயம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு மாலையில் அடிக்கடி பஸ் இருக்கிறது, ஆனால் உள்ளூரிலிருந்து மன்னார்குடி வர ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள். என் ஆட்டோக்காரர் சாயங்காலம் வரை கூடவே இருந்துவிட்டுத் திரும்பும்போது காசு வாங்கவில்லை, மூன்று பொங்கல் சாப்பிட்டதற்குச் சரியாகப் போயிற்றாம். பட்டறைகளைப் பார்க்கப் போனால் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். பச்சை வயலும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டுமென்றால் ஆடிக்குப் பிறகு போங்கள். நான் ஜூனைத்தான் சொல்வேன், தண்ணீருக்காக ஒரு ஊரே வேலை செய்வதை அப்போதுதான் பார்க்கமுடியும்.

மதுரைக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து முருகையன் ஒரு படம் அனுப்பியிருந்தார். வாய்க்காலில் செம்மண் கலங்கிய புதுத்தண்ணீர் ஓடுகிறது, வேறெந்த நிறமும் அதில் இல்லை. கரைக்கு இந்தப் பக்கம் எட்டுத் தொட்டிகள் வெயிலில் மினுங்குகின்றன. சுற்றிலும் பந்தல்கால்கள், வாழை மரங்கள், மாவிலைத் தோரணம், எல்லாம் முறைப்படி. மேலே மட்டும் ஒரு கீற்றுகூட இல்லை.